அசையாமப் படுங்க!

"இன்னைக்கு சைக்கிள் பக்கமே போகக் கூடாது" என்று வாசலை மறித்து நின்றாள் மனைவி.

"ரேஸ் நெருங்கிடுச்சும்மா. சின்னதா ஒரு ரவுண்டு..." என்று கெஞ்சினான் அச்சகம் நடத்தும் அவள் கணவன்.

"கோச் என்ன சொன்னார்? ஒருநாள் உயிரைக் கொடுத்து ஓட்டினா, மறுநாள் கட்டாயம் ஓய்வு. நான் கடைக்குப் போய்ட்டு வர்றேன். அசையாமப் படுங்க."

"நீ பொண்டாட்டியா, ஜெயிலரா?"

"ரெண்டுந்தான்." சைக்கிள் பூட்டின் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

மாதக்கணக்காக நடக்கும் கூத்து இது. நண்பர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தான். ஆனால் பந்தயத்தன்று கால்கள் சொன்னபடி கேட்டன. வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றாவதாக வந்தான். சைக்கிளை அவள் கையில் கொடுத்துவிட்டு மேடையேறிப் பதக்கம் வாங்கினான்.

இறங்கி வந்தால் மனைவியையும் காணோம், சைக்கிளையும் காணோம்.

அடுத்து பெண்கள் பந்தயம். புறப்படும் கோட்டில், அவனுடைய சைக்கிளின் சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கிவைத்து, முதுகில் எண்ணோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி! நீ எப்போ பழகினே?"

"உங்களை எதுக்குப் படுக்க வெச்சேன்? வீட்டுல இருக்கிறது ஒரே சைக்கிள். அன்னைக்குத்தானே அது சும்மா இருக்கும்! தள்ளி நில்லுங்க, விசில் ஊதப் போறாங்க."