வெள்ளை கர்ட்டன்

மாமரத்தில் புழு கூடு கட்டிக்கொண்டே இருந்தது. தின்னப்போகும் இலையைத்தான் அது முதலில் நூலால் சுற்றும். ஷெர்லி தொரட்டியால் இழுத்து மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தாலும், மறுநாள் கிளையெல்லாம் வெள்ளை நூலாம்படைக்குள் இருக்கும். பொறுக்கமாட்டாமல் போன வாரம் மரத்தையே வெட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மஸ்கட்டிலிருந்து புருஷன் லிஜோ வீடியோவில் கூப்பிட்டான். போனைச் செம்பில் சாய்த்துவைத்து, குனிந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசினாள்.

"மரம் போச்சு. இனி புழுச் சல்லியம் இல்ல."

"அதான் ஜன்னலுக்குப் புதுசா வெள்ளை கர்ட்டனா?"

"நான் ஒண்ணும் போடலியே."

"கதவுக்கும் கெடக்கு." லிஜோ சிரித்தான். "ஏட்டி, தலையில முக்காடும் போட்டிருக்க. உபவாச ஜெபத்துக்குப் போறியா?"

தலையைத் தொட்டுப் பார்க்க நினைத்தாள். கீரையிலிருந்து கை எழும்பவில்லை.