கை சும்மா இருக்கணும்

சிகிச்சையாளர் குழல்விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் திரையைப் பாதி விலக்குகிறார். மஞ்சள் வெயில் தரைவிரிப்பின்மேல் விழுகிறது. அவர் கீழே உட்கார்கிறார். சிகிச்சைக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு எதிரே அல்ல, பக்கத்தில். "என் முகத்தைப் பார்த்துத்தான் பேசணும்னு இல்லம்மா. உனக்கு எப்படித் தோதோ அப்படி இரு." பேருந்து ஓட்டுநரான அப்பா காக்கிச் சட்டையோடு நாற்காலி நுனியில் இருக்கிறார். ஆட்டிசம் உள்ள மகளுக்காக அவர் ஏறி இறங்கும் நான்காவது இடம் இது. பதினாறு வயது மகளின் விரல்கள் காதோரம் படபடக்கின்றன. மனசு நிறைந்தால் அவளுக்கு அப்படித்தான். மறுகணமே அப்பாவைப் பார்த்துவிடுகிறாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அவருடைய குரலிலேயே, அதே அதட்டலோடு சொல்கிறாள்: "கை சும்மா இருக்கணும். இருந்தாத்தான் பிஸ்கட்."

"இதை யாரு சொல்லிக்கொடுத்தாங்க?" என்று சிகிச்சையாளர் சாதாரணமாகத்தான் கேட்கிறார். பழைய பயிற்சி மையத்தின் பெயர் அப்பாவின் நாக்கு நுனிவரை வருகிறது. அங்கே இதை அவருக்குச் சொன்னது ஒரே ஒரு முறை. ஏழு வருடம் தினமும் சாயங்காலம் மகளிடம் சொன்னது அவர். "நான்தாங்க," என்கிறார். காதுமடல் சுடுகிறது. நாற்காலியை விட்டு இறங்கி மகளருகே தரையில் உட்கார்கிறார். "கையை எடுத்துக்கோ கண்ணு. அப்பா இனிமே ஒண்ணும் சொல்லமாட்டேன்." அவள் எடுக்கவில்லை. பேசினால் கண்ணைப் பார்க்கணும் என்று அவர் பழக்கியபடியே, இமைக்காமல் அவர் கண்ணையே பார்க்கிறாள். அவர்தான் தலை குனிந்துகொள்கிறார்.