கூப்பிடு தூரம்

“வணக்கம்” என்றது புதிய டேப்லெட்.

அர்த்தனாரி பதில் வணக்கம் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு உடனே கை குவித்துவிடுகிற ஆள் இல்லை அவர்.

மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்துக்கு அவர்தான் தலைவர். பழைய லேப்டாப்புக்குள் கொல்லிமலையின் மஞ்சுப் பனி புகுந்து, திரையில் பூஞ்சை பூத்து, ஒரு நாள் அது கண்ணை மூடிவிட்டது. இனி ஆபீஸ் வேலைக்கு இதுதான் என்று புதியதைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். முற்பகல் கூட்டத்தில் அவர் முகம் இதில் தெரிந்தாக வேண்டும்.

வெளுத்த சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலுக்கு அப்பால் உலகமே இல்லை. தோட்டம் வெள்ளையில் கரைந்துபோயிருந்தது. வீடு மட்டும் கட்டு அவிழ்ந்து எங்கோ மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது.

என்ன மொழி என்று கேட்டது டேப்லெட். எந்த நாடு என்று கேட்டது. விரலை வைக்கச் சொன்னது, எடுக்கச் சொன்னது, திரும்பவும் வைக்கச் சொன்னது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள்.

“இப்ப என்னங்க கேக்குது அது?” அடுப்படியிலிருந்து மனைவி ருக்குமணியின் குரல்.

“பழசையெல்லாம் இதுக்குள்ள கொண்டாரட்டுமான்னு கேக்குது.”

“என்ன சொன்னீங்க?”

“வேண்டாம்னுட்டேன்.”

அடுப்படியில் ஏதோ முணுமுணுப்பு. பாலோடும் பாத்திரத்தோடும் பேசுகிற பழக்கம், மகள் போன பிறகு அவளுக்கு வந்தது. பேச ஆள் இல்லாத வீட்டில் யாரை என்ன சொல்வது?

மகள் தாமரைச்செல்வி. தானே ஒருவனைத் தேடிக் கட்டிக்கொண்டவள்.

அந்தச் செய்தி வந்த அன்று, சேந்தமங்கலத்து உறவெல்லாம் மலையேறி வந்து பார்க்க, அர்த்தனாரி வாசலில் நின்று தலைமுழுகினார். இனி இந்த வீட்டில் அந்தப் பேர் எழக்கூடாது என்றார். எழவில்லை. ஒரு குடும்பத்தின் மரியாதை சொன்ன சொல்லில்தான் நிற்கிறது. அவர் சொன்ன சொல் நின்றது.

“இப்ப என்னங்க?”

“நெட்டு கேக்குது. அதுக்கு நான் எங்க போறது?”

கம்பியில் வருகிற நெட், மரம் விழுந்து அறுந்து கிடந்தது. அவருடைய செல்லுக்கோ, மெயின் ரோட்டுக்குப் போனால்தான் சிக்னல்.

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் ஹாரன் ஒலித்தது, தூக்கத்தில் யாரோ கூப்பிடுவதுபோல. பஸ் நின்ற சத்தம், பிறகு கிளம்பிய சத்தம். பிறகு அதையும் மஞ்சு மூடிக்கொண்டது.

திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி எதையோ தேடியது. அருகில் உள்ள இணைப்புகள் என்று எழுத்து வந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு பெயர் எழுந்தது.

தாமரைச்செல்வி.

அர்த்தனாரி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். எழக்கூடாத பேர் எழுந்தால் வேறென்ன செய்வது?

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். பெயர் அங்கேயே இருந்தது.

கூப்பிடு தூரத்தில் அவளுடைய செல் இருந்தால்தான் பெயர் இப்படித் தெரியும். அது அவருக்குத் தெரியும். பஸ்ஸும் இப்போதுதான் நின்று போயிருக்கிறது.

எழுந்து வெளியே வந்தார். ஈரத் துணிபோல் மஞ்சு முகத்தில் படிந்தது. கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்றிருந்தாள். தலையில் முக்காடு. தோளில் பை. கூப்பிட்டால்தான் வருவேன் என்பதுபோல் ஒரு நிற்பு. அந்த நிற்பு அவருடைய குடும்பத்து நிற்பு.

அவர் வாய் தன்போக்கில் திறந்துகொண்டது.

“தாமரை... ஏஞ் சாமி, பனியில நிக்காத. உள்ள வா!”

அவள் அசையவில்லை. அவர் இன்னும் நெருங்கினார்.

மிளகுக் கொடி அடர்ந்து ஏறிய சில்வர் ஓக் மரம்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டைச் சரிசெய்துகொண்டார். புது யந்திரம் ஏதோ உளறியிருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் கேட்கவில்லை. மரத்துக்குக் கேட்டால் மானம் போய்விடாது. சொன்ன சொல் சேதமில்லாமல் வீட்டுக்குள் திரும்பினார்.

அடுப்படி வாசலில் ருக்குமணி நின்றிருந்தாள். கையில் ஒரு செல்.

மகள் இங்கே இருந்தபோது அவர் பிடுங்கிப் பீரோவில் பூட்டி, பூட்டியதையே மறந்துபோன செல். அவள் வைத்த தன் பெயர்கூட மாறாத செல். அதில் வேறு கம்பெனி சிம்; அடுப்படியிலேயே சிக்னல் கிடைத்தது. யாருடனோ பேசிக்கொண்டிருக்கும் நேரம் அதன் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு என்னங்க தெரியும்? அப்பாவுக்கு நெட்டு குடும்மான்னா. அவ சொல்லச் சொல்ல அமுத்துனேன்.”

அவர் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க கூப்ட்டது அவளுக்குக் கேட்டுருச்சுங்க.”

அர்த்தனாரி நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. ருக்குமணி செல்லை டேப்லெட்டின் பக்கத்தில் வைத்தாள். அதிலிருந்து மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. திறந்த கதவு வழியாக மஞ்சு உள்ளே நுழைந்து, மேசைக் காலைச் சுற்றியது.

“நெட்டு வந்துருச்சுங்களாப்பா?”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இல்ல கண்ணு. பாஸ்வேர்டு கேக்குது.”