ஓஸ்வால்டின் கோப்பில் ஒரு வரி

மனுவை இரண்டாம் முறை படித்துவிட்டு குமாஸ்தா நாகேஷ் தலையைத் தூக்கினார்.

"இந்தப் பாராட்டைச் சேக்கச் சொல்றீங்களா, எடுக்கச் சொல்றீங்களா சார்?"

எடுக்கச் சொல்லித்தான் வந்திருந்தார் கிறிஸ்டோபர். பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி, இது நாலாவது தடவை; முதல் மூன்று தடவையும் வாசலோடு திரும்பிவிட்டார்.

பழைய ராணுவக் கோப்புகள் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு மற்றவர்கள் பிறந்த தேதியைத் திருத்த வருவார்கள். விட்டுப்போன காயத்தைப் பதிவு செய்ய வருவார்கள். தன் பேரில் உள்ள நல்லதை அடித்துவிடச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. நாகேஷ் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களைப் போன்றவர்கள் இருந்ததால்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றார்.

கிறிஸ்டோபர் கையை உருவி பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். யாராவது மரியாதையாகத் தொட்டாலே இப்போதெல்லாம் அவருக்குப் பொறுக்க முடிவதில்லை.

போன குடியரசு தினத்தன்று சர்ச் வளாகத்தில் கொடியேற்றி, அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் மனைவியே மைக்கைப் பிடித்து அந்தப் பாராட்டை வாசித்தாள். 'வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட சக வீரர் ஓஸ்வால்டைக் காப்பாற்ற, தன் உயிரைப் பொருட்படுத்தாமல் ஆற்றில் குதித்தார்.'

தாளைப் பார்க்காமலே சொன்னாள். அவளுக்கு அது மனப்பாடம்.

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ ஊட்டிய லட்டை அடக்கிக்கொண்டே போய், ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் கக்கினார் கிறிஸ்டோபர்.

மறுநாள் மனு எழுத உட்கார்ந்தார்.

மனுவில் எழுதாததையும் நாகேஷிடம் சொல்ல வேண்டியிருந்தது. மேஜை மேல் குனிந்து, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஓஸ்வால்டும் அவரும் கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். வடகிழக்கில் ஓர் ஆற்றுக்குப் பாலம் போடப் போன இடத்தில், விடிகாலைப் பனியில், இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஏறியிருந்த படகு கவிழ்ந்தது. ஓஸ்வால்ட்தான் இவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினான். கரை மரத்தில் கட்டியிருந்த கயிற்றின் நுனி வரை கொண்டுவந்து சேர்த்து, இவர் இடுப்பில் அதைச் சுற்றியும் விட்டான்.

அத்தோடு அவன் களைத்துப்போனான். இவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

கிறிஸ்டோபர் உதைத்தார். பூட்ஸ் காலால், முகத்தில், இரண்டு தடவை.

முதல் உதை பயத்தில் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. அதற்குள் அவன் கண்ணைப் பார்த்துவிட்டிருந்தார்.

மற்றவர்கள் வந்து பார்த்தபோது, இடுப்பில் கயிறு கட்டியபடி கரையில் கிடந்து ஓஸ்வால்ட், ஓஸ்வால்ட் என்று கத்திக்கொண்டிருந்தார். காப்பாற்றக் குதித்தவன் என்று அதிகாரி தானாகவே முடிவு செய்து எழுதிவிட்டார். மறுத்துச் சொல்ல முதலில் வாய் வரவில்லை. பிறகு மனசு வரவில்லை.

நாகேஷ் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகம் சுளித்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு மனிதர் தன்னைச் சரியாகப் பார்ப்பது கிறிஸ்டோபருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இதையெல்லாம் கிளறுவானேன், ஆகல்ல, முடியாது, விட்டுவிடுங்கள் என்றார் நாகேஷ்.

"என் பேர்ல இருக்கறத அடிச்சிடுங்க. ஓஸ்வால்ட் கோப்புல, அவன்தான் என்னைக் காப்பாத்தினான்னு ஒரு வரி எழுதுங்க. அது போதும்."

நாகேஷ் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். முடிவு மேலிடத்தில் என்றும், தன்னால் மேலே அனுப்ப மட்டும்தான் முடியும் என்றும் சொன்னார். ஆனால் இறந்த வீரர் கோப்பில் எதை எழுதுவதானாலும் முதலில் அவர் குடும்பத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த மனுவின் நகலும், இப்போது சொன்னதை எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலமும் பதிவுத் தபாலில் அவர்களுக்குப் போகும்.

கிறிஸ்டோபர் வாக்குமூலத்தை எழுதினார். இரண்டு உதையையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

கோப்பில் இருப்பது தங்கவயல் விலாசம், அங்கே இப்போது யாராவது இருக்கிறார்களா என்று நாகேஷ் விசாரித்தார். அந்த லைன் வீடே இப்போது இல்லை. அப்படியானால் ஓஸ்வால்டின் மனைவி உயிரோடு இருக்கிறாரா?

"இருக்கா. பேரு யூனிஸ்."

கதவு எண்ணைச் சொன்னார். எத்தனையாவது கிராஸ் தெரு என்று சொன்னார். பொம்மனஹள்ளி என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நாகேஷ் மனுவைத் திருப்பி அதன் மேல்மூலையைப் படித்தார்.

"இது உங்க வீடு."

"ஆமா. ஓஸ்வால்ட் போன மூணாவது வருஷம் என்னைக் கட்டிக்கிட்டா. அவனைக் காப்பாத்தக் குதிச்சவன்னு."

நாகேஷ் பேனாவை மூடி வைத்தார். பிறகு, ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள், நீங்களே சொல்லிவிடலாமே என்றார். சார் என்று சேர்க்கவில்லை.

முப்பத்திநாலு வருஷமாகச் சொல்ல வரவில்லை என்பதை கிறிஸ்டோபர் அவரிடமும் சொல்லவில்லை. தபால் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று மட்டும் கேட்டார்.