நடுவில் இருந்த அடாப்டர்

ஒரு படகுத்துறையில் மரகதவல்லி என்றொரு பழைய படகு கட்டிக் கிடந்தது. அடியில் ஓட்டை. பம்பு ஓடிக்கொண்டே இருந்தால்தான் மிதக்கும். கரண்டு கொடுத்தது கரையிலிருந்த பிளக் பாயிண்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் நடுவில் ஓர் அடாப்டர். பேச்சும் அதன் வழியாகத்தான் போய்வரும்.

ஒருநாள் வெயில் தாங்காமல் படகு ஃப்ரிட்ஜையும் போட்டுக்கொண்டது.

"டேய் தம்பி, இவ்வளவெல்லாம் என்னால முடியாது. படகு அக்காகிட்ட சொல்லிடு," என்று பிளக் பாயிண்ட் அடாப்டரிடம் உறுமியது.

சொன்னால் அக்கா முகம் வாடிவிடும், தன்னையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள் என்று அடாப்டருக்குப் பயம். அண்ணனின் கட்டைக் குரலை அப்படியே எடுத்து, "தாராளமா எடுத்துக்கோ தங்கச்சி!" என்று படகிடம் சொன்னது. அக்காவின் இழுவைக் குரலில், "சின்ன பல்புதாண்ணே... கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்று கரைக்குச் சொன்னது. இரண்டும் நம்பின. அடாப்டருக்கு மட்டும் உடம்பெல்லாம் கொதித்தது.

மூன்றாம் நாள் அது உருகிப்போனது. பம்பு நின்றது. படகுக்குள் தண்ணீர் ஏறியது.

நடுவில் ஆள் இல்லாமல் படகு முதல்முறையாகக் கரையைப் பார்த்து நேராகக் கத்தியது: "முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஃப்ரிட்ஜை நிறுத்தியிருப்பேனே அண்ணே! எனக்குப் பம்பு மட்டும் போதுமே!"

"தினமும் சொல்லி அனுப்பினேனே தங்கச்சி..."

உருகி ஒட்டிப்போன அடாப்டருக்கு வாய் திறக்க வரவில்லை. காது மட்டும், அக்காவின் குரல் தண்ணீருக்குள் போகும்வரை, நன்றாகவே கேட்டது.