மீத்தேன் பங்க் வாசலில்

மீத்தேன் பங்க் வாசலில் எல்லாரும் இறங்கிக்கொண்டார்கள். டிரைவர் மட்டும்தான் உள்ளே போகலாம்.

ஒடில் தன் வாடகைக் காரை உள்ளே ஓட்டிப் போனான். அவன் மனைவி ஹுர்ஷிதா பயணிகளோடு தகரக் கொட்டகையில் நின்றாள். ஃபெர்கானாப் பள்ளத்தாக்கின் ஜூலை வெயில் தகரத்தைத் தாண்டி இறங்கியது.

"கேஸ் அடிக்கிறதுக்கு நாம ஏன் இறங்கணும்? எங்க வீட்டுல ஆட்டக்கூட இப்படி நிறுத்த மாட்டோம்" என்றாள் மஸ்துரா. கோகந்து ஊருக்குப் போகிறவள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

ஹுர்ஷிதா பள்ளியில் வேதியியல் டீச்சர். யாராவது கேட்டுவிட்டால் சொல்லாமல் இருக்க முடியாது.

சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுமே, அதேதான், என்றாள். வாயுவை அமுக்கச் செலவான உழைப்பு எங்கேயும் தொலைவதில்லை. சூடாக மாறுகிறது. இங்கே சைக்கிள் டயரைப் போல ஐம்பது மடங்கு அழுத்தம். காரில் கேஸ் நிரப்பும் இரும்பு உருளை விரிந்து கொடுக்காது. இடம் கூடாமல் சூடு மட்டும் ஏறினால், அழுத்தமும் கூடவே ஏறும். வெயிலில் ஓடினால் இன்னும் ஏறும்.

"அப்போ வெடிச்சிருமாக்கா?"

"நல்ல உருளை தாங்கும்மா. ஒன்றரை மடங்கு அழுத்தத்துல தண்ணி ஏத்திப் பாத்துட்டுத்தான் சான்று தருவாங்க. துருப்பிடிச்சு மெலிஞ்சிருந்தா அங்கயே கிழிஞ்சிடும்."

சொல்லிவிட்டு பங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடில் உள்ளே போய் ஒன்பது நிமிடம்.

கார் வெளியே வந்தது. எல்லாரும் நிம்மதியாக ஏறப் போனார்கள். டிக்கியில் இருக்கும் உருளை இப்போதுதான் நிரம்பியிருக்கிறது, பின் சீட்டுக்காரர்கள் அதற்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்கார வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மஸ்துரா மட்டும் கதவருகில் நின்றாள். "அண்ணே, இது சோதிச்ச உருளைதானே?"

ஒடில் சிரித்தான். "சோதிச்சவனே இவகிட்ட படிச்ச பையன்தாம்மா. தைரியமா ஏறு."

ஹுர்ஷிதா முன் சீட்டை மஸ்துராவுக்கும் குழந்தைக்கும் விட்டுவிட்டுப் பின்னால் ஏறினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் மாதம் சோதனைக்குப் போனபோது, அவளுடைய பழைய மாணவன் ஷெர்சோத் அந்த உருளையைக் கழற்றவே இல்லை. டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உங்க வண்டியப் போய் நான் சந்தேகப்படுறதா டீச்சர்?" என்று சான்றில் முத்திரை குத்தினான்.

அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.