குறி தப்பியவர்

கிளைவை அடக்கம் செய்த மறுவாரம், அவருடைய துப்பாக்கிகளைக் கொண்டுபோக டெஸ் வந்தார். ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். மாதாமாதம் கிளைவோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவரும் அவர்தான்.

“எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ, டெஸ்,” என்றாள் கிளைவின் மனைவி நோரீன். “ஒரு பன்னியாவது அடிச்சாரா உன் கூட்டாளி? ‘குறி தப்பிருச்சு’ன்னு வெறுங்கையோட வந்து நிப்பாரு. வேட்டை கிளப்பே சிரிச்சுது. முதல்ல சிரிச்சது நான்தான்.”

டெஸ் இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு துப்பாக்கியை எடுத்தார். பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி அவளிடம் கொடுத்தார்.

“உள்ள பாருங்க. விக்கும்போது நான் தடவிக் கொடுத்த கிரீஸ், அப்படியே காஞ்சு கெடக்கு. ஒரு தடவை சுட்டிருந்தாலும் இது இருக்காது. எல்லாமே இப்படித்தான் இருக்கும்.”

“அப்ப உங்கூட வந்து என்னதான் பண்ணினாரு?”

“காட்டுக்கு வந்ததே இல்லை, நோரீன். போற வழியில டப்போ ஊர்ல ஜோலீன் வீட்டுல இறங்கிக்குவாரு. திரும்பும்போது கூட்டிட்டு வருவேன்.”

மகள் ஜோலீனின் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று ஆறு வருடங்களுக்கு முன் சொன்னவள் நோரீன்தான்.

“எங்கிட்ட ஏன் மறைச்சாரு?”

“தெரிஞ்சா அதையும் நிறுத்திருவீங்கன்னு பயந்தாரு.”

அவள் துப்பாக்கியை மெல்லத் திருப்பிக் கொடுத்தாள்.

“அடக்கத்தன்னிக்கு அவ வந்திருந்தா, டெஸ். கடைசி வரிசையில, கைக்குழந்தையோட.”

“நீங்க கவனிக்கலைன்னு நானும் அவளும் நினைச்சோம்.”

“பார்த்தேன். பார்த்துட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.”